தைத்த துணி, தைக்காத துணி: பாறசாலை – நெய்யாற்றின்கரை எல்லையூர்களில் பருத்த உடலும் உடைத் துணிவும்

1. எல்லையும் கேள்வியும்

நெய்யாற்றின்கரையிலிருந்து தெற்கே போகும் நெடுஞ்சாலை பாறசாலையையும் இஞ்சிவிளையையும் தாண்டிக் களியக்காவிளையில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் சேர்த்துக் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. கோடு விழுந்ததே ஒழிய, கொண்டான் கொடுத்தான் உறவும் துணிக்கடைப் போக்குவரத்தும் அறுபடவில்லை. உடையைப் பற்றிய ஆய்வுக்கு இருபுறத்தையும் ஒரே நிலமாகக் கொள்வதுதான் பொருத்தம்.

2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் உடல் நிறைக் குறியீடு 25ஐ எட்டியவர்களும் தாண்டியவர்களும் கேரளத்தில் 38.1 விழுக்காடு, தமிழ்நாட்டில் 40.4, இந்தியா முழுமைக்கும் 24. எல்லையின் இரு பக்கமும் ஏறத்தாழ ஐந்தில் இருவர். இத்தனை பேரைப் 'பிளஸ் சைஸ்' என்று கடையின் கடைசி அடுக்குக்கு அனுப்புவது கணக்குப்படியே விந்தை. கல்யாண வீட்டில் "தடிச்சிட்டியே மக்களே" என்பது நலம் விசாரிப்பாகத்தான் வருகிறது. கேட்டவள் குடும்பப் படம் எடுக்கும்போது பின்வரிசைக்கு நகர்ந்துவிடுகிறாள்.

அந்தக் கூச்சத்தைப் போக்கும் துணிவை உடையும் கலையும் தரமுடியுமா? இந்நிலத்தில் உடல் தலைநிமிர்ந்த தருணங்களை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் அங்கே உடலின் அளவுக்கு உடை இணங்கியிருக்கிறது. உடையின் அளவுக்கு உடல் இணங்கவேண்டியிருந்த இடங்களில் கூச்சமே மிஞ்சியது. இக்கட்டுரை நிறுவ முயல்வது இதைத்தான்.

2. குப்பாயம்

இந்தப் பகுதியில் உடை பற்றிப் பேசத் தொடங்கினால் தோள்சீலைப் போராட்டத்தைக் கடந்துதான் போகவேண்டும். தென் திருவிதாங்கூரில் நாடார் உள்ளிட்ட சாதிகளின் பெண்கள் மேலாடை அணியத் தடை இருந்தது. மேல்சாதியார் முன்னால் மார்பைத் திறந்து நிற்பது மரியாதை எனப்பட்டது. ஆங்கிலேய ரெசிடென்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் ஜான் மன்றோ 1813இல் கிறித்தவப் பெண்கள் மேலாடை அணியலாம் என்று ஆணையிட்டார். எதிர்ப்பு எழுந்தது, ஆணை திருத்தப்பட்டது. சிரியக் கிறித்தவரும் மாப்பிளைமாரும் அணியும் குப்பாயம் என்ற தைத்த சட்டையைப் போட்டுக்கொள்ளலாம், நாயர் பெண்களைப்போல மேலே துணி போடக்கூடாது என்பது அதன் சாரம். 1829 பிப்ரவரியில் வந்த அரச விளம்பரமும் இதையே உறுதிசெய்தது.

இங்கே கவனிக்கவேண்டியது, சண்டை எந்தத் துணியைப் பற்றியது என்பது. மறைப்பதா திறப்பதா என்ற கேள்வி பாதிதான். தோளில் கிடக்கும் தைக்காத மேல்துண்டு மேல்சாதியின் அடையாளம். தைத்த சட்டை அந்நியருடையது, அதனால் தீங்கில்லாதது. அரசு அனுமதித்தது இரண்டாவதை. பெண்கள் விரும்பியது முதலாவதையும் சேர்த்து. குப்பாயத்தின்மேல் தோள்சீலையும் போட்டுக்கொண்டு சந்தைக்கு வந்தார்கள். அங்கேதான் துணி கிழிக்கப்பட்டது.

குப்பாயத்தின் வெட்டைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் அதிகம் நின்று பேசுவதில்லை. லண்டன் மிஷன் ஊழியர்களின் மனைவியர் வகுத்துக்கொடுத்த அந்தச் சட்டை தளர்வானது, குட்டைக் கையுடையது. அதே காலத்தில், 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். தையலும் பின்னலும் பெண் கையில் காசு தந்தன. பாறசாலையிலும் மிஷன் நிலையம் ஏற்பட்டது. அங்கே பணிசெய்த ஜான் ஆப்ஸ் தம் 22 ஆண்டுத் திருவிதாங்கூர் அனுபவத்தை 1870இல் நூலாக வெளியிட்டார். தளர்ந்த வெட்டுக்குக் காரணம் ஒழுக்கமாக இருக்கலாம், சிக்கனமாகவும் இருக்கலாம். விளைவு எப்படியோ நல்லது. பனங்காட்டில் உழைத்து மெலிந்தவளுக்கும் நான்கு பிள்ளை பெற்றுப் பெருத்தவளுக்கும் ஒரே வெட்டு பொருந்தியது. மேலாடை என்ற உரிமை கைக்கு வந்தபோது, அது இடுப்பளவு கேட்கவில்லை.

1858 இறுதியில் கலவரம் மீண்டும் மூண்டது. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரவெலியன் நெருக்க, உத்திரம் திருநாள் மகாராஜாவின் அரசு 1859 ஜூலை 26 அன்று புது விளம்பரம் வெளியிட்டது. நாடார் பெண்கள் எந்தச் சமயத்தவராயினும் சட்டை போடலாம், முக்குவப் பெண்கள்போலத் துணி சுற்றலாம், வேறெவ்வகையிலும் மார்பை மறைக்கலாம்; மேல்சாதிப் பெண்களைப்போல மட்டும் கூடாது. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு ஒன்றை மட்டும் பிடித்துவைத்துக்கொள்ளும் இந்த எழுத்து, அதிகாரம் எவ்வளவு நுணுக்கமாகத் துணியைப் படிக்கிறது என்பதற்கு நல்ல சான்று.

ஆண்களின் பக்கத்தையும் ஒரு வரி சொல்லலாம். அய்யா வைகுண்டர் (1809–1851) தம் வழிவந்த ஆண்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டே வழிபடச் சொன்னார். தலையில் துணி கட்டும் உரிமை மறுக்கப்பட்டவர்களுக்கு அது வழிபாட்டு விதியாகவே வந்தது.

3. பாலராமபுரத்துத் தெருக்கள்

நெய்யாற்றின்கரை தாலுகாவிலேயே, திருவனந்தபுரம் போகும் வழியில் பாலராமபுரம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகாராஜா பாலராமவர்மாவும் அவருடைய திவான் உம்மிணித் தம்பியும் தமிழகத்துச் சாலியர்களை வரவழைத்துக் குடியமர்த்திய ஊர். ஒற்றைத் தெரு, இரட்டைத் தெரு என்று அந்தக் குடியிருப்புகள் இன்றும் அழைக்கப்படுகின்றன. குழித்தறியில் கையால் நாடாவை எறிந்து நெய்யும் முண்டும் நேரியதும் கசவுக் கரையும் இந்த ஊரின் புகழ். பாலராமபுரம் புடவைகளும் மெல்லிய பருத்தித் துணிகளும் புவிசார் குறியீடு பெற்றுள்ளன.

முண்டும் நேரியதும் இரண்டு துண்டுகள். இடுப்பில் ஒன்று, மேலே ஒன்று. எங்கே மடிப்பது, எவ்வளவு இறக்குவது, எந்தப் பக்கம் விடுவது எல்லாம் உடுத்துகிறவள் முடிவு. பிள்ளை உண்டானால் ஒரு சுற்று தளரும். வயதானால் மடிப்பு மாறும். துணி அதேதான். இருபது வயதில் வாங்கிய கசவுப் புடவையை அறுபதிலும் உடுத்தலாம் என்பது தைத்த எந்த உடைக்கும் கிடைக்காத பெருமை.

ஆனால் இதைக் காட்டித் தைக்காத துணியைக் கொண்டாடிவிட்டுப் போவது சோம்பல். நேரியதுக்குக் கீழே இன்று ரவிக்கை இருக்கிறது. பருத்த பெண்ணின் மனக்குறை பெரும்பாலும் புடவையில் தொடங்குவதில்லை. கைக்குழி பிடிப்பதில், முதுகுப்பக்கம் சதை பிதுங்குவதில், கடைசிக் கொக்கி மாட்டாததில் தொடங்குகிறது. பாட்டிமார் போட்ட ஜம்பரும் றவுக்கையும் தாராளமாக இருந்தன. சினிமா ரவிக்கை இறுகியபோது, தைக்காத துணி கொடுத்த சலுகையைத் தைத்த துணி திரும்ப வாங்கிக்கொண்டது.

4. ஓவியம், சிற்பம், கண்ணாடி

கலையில் பருத்த பெண்ணுடல் இந்நாட்டுக்குப் புதியதில்லை. கிளிமானூரில் 1848இல் பிறந்த ராஜா ரவிவர்மா 1873இல் வரைந்த, மல்லிகைச் சரம் சூடும் நாயர்ப் பெண்ணின் ஓவியம் அவருக்குப் பேர் வாங்கித் தந்தது. தம் மகள் முண்டும் நேரியதும் உடுத்துக் குழந்தையோடு நிற்பதை அவர் வரைந்த ஓவியமும் பரவலாக அறியப்பட்டது. அவருடைய பெண்களுக்குப் புஜம் திரண்டிருக்கும், கழுத்தில் மடிப்பு விழும், இடுப்பில் சதை தெரியும். 1894இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகம் அந்த உருவங்களை லட்சுமியாகவும் சரஸ்வதியாகவும் வீட்டுச் சுவரில் மாட்டவைத்தது. நாள்தோறும் விளக்கேற்றிக் கும்பிடும் உடலமைப்பைப் பெண்ணிடம் கண்டால் குறை சொல்லும் வழக்கம் நம்மிடம் எப்படி ஒட்டிக்கொண்டது என்பது தனி ஆய்வுக்குரியது.

ரவிவர்மாவை வைத்து ஆறுதல் பெறுவோர் ஒன்றைக் கணக்கில் கொள்ளவேண்டும். அந்தத் திரட்சி அன்று வசதியின் அடையாளம். அரண்மனை, தறவாடு, நெய்ச்சோறு. தோள்சீலைக்காக அடிவாங்கிய பனங்காட்டுப் பெண்ணின் உடல் அவருடைய புகழ்பெற்ற ஓவியங்களில் இடம்பெறவில்லை. அன்று மெலிவு ஏழ்மையைக் காட்டியது. இன்று மலிவான மாவும் எண்ணெயும் சர்க்கரையும் பருமனை ஏழைவீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டன, மெலிவோ ஜிம் கட்டணத்தோடு வருகிறது. அழகின் அளவுகோல் எப்போதும் கிடைப்பதற்கரியதன் பக்கம் சாய்கிறது என்றுதான் தோன்றுகிறது.

இன்னும் துணிச்சலானவை கானாயி குஞ்ஞிராமனின் சிற்பங்கள். 1969இல் மலம்புழா அணைப் பூங்காவில் அவர் எழுப்பிய யட்சி, கால்களை அகற்றி அமர்ந்து வானம் பார்க்கிறாள். கிளம்பிய எதிர்ப்பு கொஞ்சமில்லை. நெய்யாற்றின்கரைக்காரர்கள் சாயங்காலம் போய்வரும் தூரத்தில் சங்குமுகம் கடற்கரையில் அவருடைய கடற்கன்னி சாய்ந்து படுத்திருக்கிறாள். நீளம் 87 அடி. குறுகி ஒடுங்காமல், எடுத்துக்கொண்ட இடத்தைப் பற்றி மன்னிப்புக் கேட்காமல் ஒரு பெண்ணுருவம் பொதுவெளியில் கிடக்கிறது. குடும்பம் குடும்பமாக வந்து அதனருகே நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள். பின்வரிசை தேடுகிறவள் அங்கே முன்னால் வந்து நிற்பது இயல்புதான் என்பது என் ஊகம்.

கண்ணாடிக்கும் இந்நிலத்தில் ஒரு வரலாறு உண்டு. வைகுண்டர் வழிவந்தோரின் அய்யாவழிப் பதிகளில் கண்ணாடி முன் நின்று வழிபடுகிறார்கள். வழிபடுவோர் தம் உருவத்தையே காண்கிறார்கள். நெய்யாற்றின்கரை அருவிப்புறத்தில் 1888இல் சிவனை நிறுவிய ஸ்ரீநாராயண குரு, 1927இல் சேர்த்தலைக்கருகே களவங்கோட்டில் கண்ணாடியை நிறுவினார். இந்த இரு கண்ணாடிகளும் ஆன்மாவைப் பற்றியவை. உடல்நேசப் பிரச்சாரமாக அவற்றை வளைப்பது முறையாகாது. ஆயினும் தீண்டத்தகாதது எனப்பட்ட உருவத்தையே கருவறையில் காண்பித்த துணிவை, துணிக்கடை மாற்றறைக் கண்ணாடி முன் கூசி நிற்கும் பெண் கடன்வாங்கிக்கொண்டால் குரு கோபிக்கமாட்டார்.

5. நைட்டி, அளவு ரவிக்கை, கடை

எல்லையூர்களில் பருத்த பெண்ணின் உண்மையான உடைப்புரட்சி நைட்டி. அறிஞர்கள் இதை எழுதக் கூச்சப்படுகிறார்கள். மலையாளிகள் மாக்சி என்றும் சொல்வார்கள். தோளிலிருந்து நேரே விழும், இடுப்பில்லை, 'ஃப்ரீ சைஸ்'. குப்பாயத்தின் தளர்ந்த வெட்டு நூற்றைம்பது ஆண்டு கழித்து பூப்போட்ட பருத்தியில் திரும்பிவந்தது போலிருக்கிறது. வாசலுக்கு ஆள் வந்தால் அதன்மேல் ஒரு துவர்த்தை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்கிறார்கள். தோள்சீலைக்காக உயிரைக் கொடுத்த மண்ணில் தோளில் துண்டு போடுவது கட்டாயமாக மாறியதை வரலாறு சிரித்துக்கொண்டுதான் பார்க்கும். நைட்டியின் எல்லை வீட்டுவாசல். சௌகரியம் தந்தது, சபை தரவில்லை.

சபைக்குப் போகும் உடையைத் தருபவர் தையல்காரர். அளவு ரவிக்கையைக் கொடுத்து, "உள்ளே துணி விட்டுத் தையுங்க" என்று சொல்வது வழக்கம். ஓரத்தில் இரண்டு மூன்று தையல் ஓட்டி, உடல் பெருக்கப் பெருக்க ஒவ்வொன்றாய்ப் பிரித்துக்கொள்ளலாம். உடல் மாறும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் தொழில்நுட்பம் இது. ஆயத்த ஆடையில் இந்த ஓரம் இல்லை. மிச்சமாகும் துணி ஆலைக்கு லாபம். அளவு எண்ணும் நிலையில்லாதது. ஒரு நிறுவனத்தின் எக்ஸெல் இன்னொன்றின் டபுள் எக்ஸெல். நம் நாட்டுக்கென்று நெடுங்காலம் பொது அளவுப் பட்டியல் இல்லை. தேசிய ஆடையலங்காரத் தொழில்நுட்பக் கழகம் ஜவுளி அமைச்சகத்தோடு சேர்ந்து தொடங்கிய 'இந்தியா சைஸ்' திட்டம், முப்பரிமாணக் கருவியால் 25,000 பேரை அளவெடுக்கத் திட்டமிட்டது. முதலில் தேர்ந்த நகரங்கள் கொல்கத்தா, மும்பை, புதுதில்லி, ஹைதராபாத், பெங்களூரு, ஷில்லாங். தமிழும் மலையாளமும் பேசும் மாநிலங்களிலிருந்து ஒரு நகரமும் அந்தப் பட்டியலில் இல்லை.

6. திரையும் மறுப்பும்

சினிமா இரண்டு விதமாகப் பேசியிருக்கிறது. 2015இல் வந்த 'இஞ்சி இடுப்பழகி'க்காக அனுஷ்கா எடை கூட்டி நடித்தார். இளைப்புக் கடைகளின் மோசடியைச் சாடிய படம். 2019இல் அஷ்ரப் ஹம்சா இயக்கிய மலையாளப் படம் 'தமாஷ'யில் சின்னு சாந்தினி பருத்த உடம்போடே வருகிறார். இணையத்தில் கேலி செய்கிறவர்களுக்கு அந்தப் பாத்திரம் வாய்திறந்து பதில் சொல்கிறது. இரண்டாவதுதான் எனக்கு நெருக்கம். நட்சத்திரம் உடம்பைக் கடன்வாங்கிப் போட்டுத் திருப்பிக் கொடுப்பதில் பார்வையாளருக்கு மிஞ்சுவது அனுதாபம் மட்டுமே.

பருமனைக் கொண்டாடுவது நோயைக் கொண்டாடுவதாகாதா என்பது நியாயமான கேள்வி. தென்னாசிய உடலுக்கு நீரிழிவு குறைந்த எடையிலேயே வந்துவிடுகிறது. உடல் நிறைக் குறியீடு 23 தொடங்கியே கவனம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். இதை மறைப்பது துரோகம். அதற்கும் உடைக்கும் முரண் கிடையாது. காலையில் நடக்கப் போகவும் ஆஸ்பத்திரிக்குப் போகவும் பிதுங்காத, உரசாத உடை வேண்டும். அது இல்லாதவள்தான் வீட்டுக்குள் நைட்டியோடு நின்றுவிடுகிறாள்.

நடைமுறையில் செய்யக்கூடியது பாலராமபுரத்திலேயே இருக்கிறது. முண்டின் இறக்கத்தைத் தறியின் அகலம் தீர்மானிக்கிறது. இடுப்பைச் சுற்றும் நீளத்தைப் பாவு தீர்மானிக்கிறது. முண்டும் நேரியதும் சேர்ந்த செட்டு முண்டின் ஒவ்வொரு துண்டும் பெரும்பாலும் 2.8 மீட்டரில் நெய்யப்படுகிறது. பருத்த இடுப்பில் அது ஒரு மடிப்புக்குக் குறையும், நடக்கையில் விலகும். முந்தியின் கசவு எங்கே விழவேண்டும் என்பது நெய்யும்போதே முடிவாவதால், பின்னால் ஒட்டுப்போட்டு நீட்டமுடியாது. மூன்றேகால் மீட்டரில் கசவை இட்டு நெய்ய அதே தறி, அதே நாடா போதும். கூடுதலாவது நூலும் சில மணிநேரக் கூலியும். ஓணத்துக்கு முன்பே பாவு ஏற்றவேண்டியிருப்பதால், கைத்தறிச் சங்கங்கள் அந்த நீளத்துக்கான முன்பதிவைச் சித்திரையிலேயே வாங்கத் தொடங்கலாம்.