பாதரசம் சொன்ன புயல் செய்தி

2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு பெய்த பேய்மழையைப் பினாங்கு மக்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். புக்கிட் தெங்கா உள்ளிட்ட ஊர்கள் அமைந்திருக்கும் செபராங் பிறையிலும் எதிரேயுள்ள தீவிலும் வெள்ளம் புகுந்தது. ஏழு உயிர்கள் பறிபோயின. இத்தகைய ஆபத்தை முன்கூட்டியே அறிய மனிதனுக்குக் கைகொடுத்த பழைய கருவிதான் பாரமானி.

1643ஆம் ஆண்டு இத்தாலிய அறிஞர் டொரிசெல்லி, ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, பாதரசக் கிண்ணத்தில் கவிழ்க்கும் சோதனையை வகுத்தார். பாதரசம் முழுவதும் வழிந்துவிடவில்லை. ஏறத்தாழ 76 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றது. கிண்ணத்தை அழுத்திய காற்றின் எடையே அதைத் தாங்கியது. காற்றழுத்தம் குறைந்தால் பாதரசம் இறங்கும், கூடினால் ஏறும். அழுத்தம் குறைந்த இடத்தை நோக்கிச் சுற்றியுள்ள காற்று பாய்கிறது. அங்கே மேலெழும் ஈரக்காற்று குளிர்ந்து மேகமாகி, மழையாகப் பொழிகிறது.

இந்தக் கருவிக்கும் மலேசியத் தமிழர்களுக்கும் உறவு உண்டு. 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல், சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பல்லாயிரம் தமிழர்களைப் பினாங்குக்கு ஏற்றி வந்தது. வழியில் இருப்பதோ புயலுக்குப் பேர்போன வங்கக்கடல். 1864இல் கல்கத்தாவைத் தாக்கிய புயல் பல்லாயிரம் பேரைப் பலிகொண்டது. இந்திய வானிலைத் துறை 1875இல் தோன்றியதற்கு அந்தப் பேரழிவும் ஒரு காரணம்.

வெப்ப மண்டலக் கடல்களில் பாரமானியைப் படிப்பது தனிக் கலை. அங்கே காற்றழுத்தம் நாள்தோறும் இருமுறை ஏறி இருமுறை இறங்கும். காலை, இரவு 10 மணி வாக்கில் உச்சம். மாலை, விடியற்காலை 4 மணி வாக்கில் தாழ்வு. எனவே மாலையில் பாதரசம் சற்று இறங்கினால் மாலுமி அஞ்சுவதில்லை. அந்த நேரத்துக்குரிய வழக்கமான அளவைவிட 5 மில்லிபார் குறைந்தால் மட்டும், அருகில் புயல் இருப்பதாகக் கொண்டு கப்பலைத் திருப்புவார்.

பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு அருகில், ஏறத்தாழ 5 பாகையில் உள்ளது. இங்கே புயல் அரிது. ஆனால் அரிது என்பதற்கு வராது என்று பொருளல்ல. 2001 டிசம்பர் 27இல், நிலநடுக்கோட்டுக்கு இன்னும் நெருங்கிய ஜொகூரையே வாமெய் புயல் தாக்கியது. தவிர, மாலை நேரத்து இடிமழை பாரமானியைப் பெரிதாக அசைக்காமலே வந்து கொட்டிவிடும்.

அதனால்தான் இன்று செயற்கைக்கோளும் ரேடாரும் பாரமானியோடு கைகோத்து வேலை செய்கின்றன. கருவிகள் எச்சரிக்கத்தான் முடியும். மலேசிய வானிலை ஆய்வுத் துறை எச்சரிக்கை விடுக்கும்போது, உடைமைகளை மேலேற்றிப் பாதுகாப்பான இடத்துக்கு நகர வேண்டியது மக்களின் கடமை.