சென்னைத் தோட்ட வீடுகள்

சென்னைத் தோட்ட வீடுகள் என்பன, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் புனித ஜார்ஜ் கோட்டைக்கு வெளியே, பரந்த தோட்டங்களின் நடுவே கட்டப்பட்ட பெரிய வீடுகள் ஆகும். கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலர்களும் ஐரோப்பிய வணிகர்களும் இவற்றில் வாழ்ந்தனர். பண்டைய கிரேக்க, உரோமக் கட்டிடங்களைப் பின்பற்றி அக்காலத்து ஐரோப்பாவில் பரவியிருந்த செந்நெறிப் பாணியில் இவை அமைந்தன. உயர்ந்த தூண் வரிசையும் அகன்ற தாழ்வாரமும் தட்டையான மாடியும் இவற்றின் அடையாளங்கள். வடிவம் ஐரோப்பியமாக இருந்தாலும் கட்டுபொருளும் வேலைத்திறனும் முழுக்க உள்ளூரைச் சேர்ந்தவை. இவ்வீடுகளைப் புதுப்பிக்கும்போது எழும் சிக்கல்கள் பெரும்பாலும் இதை மறப்பதால் வருபவை.

கட்டுமானம்

பளிங்கு போலத் தோன்றும் தூண்கள் உண்மையில் செங்கல்லால் ஆனவை. சுண்ணாம்புச் சாந்தில் செங்கல்லை அடுக்கி, மேலே மூன்று பூச்சுப் பூசப்பட்டது. முதல் பூச்சு மணல் கலந்தது. அடுத்தது அதைவிட நயமானது. கடைசிப் பூச்சில், கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்புடன் முட்டை வெள்ளைக்கரு, தயிர், நெய் முதலியன சேர்க்கப்பட்டன. பின்னர் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினர். தேய்க்கும்போது கசியும் ஈரத்தைத் துணியால் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இதன் பளபளப்பைக் கண்டு வியந்து எழுதிய ஐரோப்பியப் பயணிகள் பலர்.

கூரை 'மெட்ராஸ் ஒட்டு' முறையில் அமைந்தது. தேக்கு உத்திரங்களின் மேல் சிறு செங்கற்கள் விளிம்பில் நிறுத்தி, மூலைவாட்டாக ஒட்டப்படும். ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையைப் பற்றிக்கொள்வதால் அடியில் பலகை முட்டுக் கொடுக்கத் தேவையில்லை. அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையைப் பரப்பி, கடுக்காய், வெல்லம் ஊறிய நீரைத் தெளித்து, மரக்கட்டையால் நாட்கணக்கில் அடித்து இறுக்குவர். இறுதியில் தட்டோடு பதிக்கப்படும்.

புதுப்பித்தல்

போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெறப்பட்டது 1824 இல். இவ்வீடுகளுள் மிகப் பல அதற்கு முற்பட்டவை. ஆயினும் பூச்சு உதிர்ந்தவுடன் சிமெண்டால் ஒட்டுப் போடுவதே வழக்கமாகிவிட்டது. சுண்ணாம்புச் சுவர் நிலத்திலிருந்தும் மழையிலிருந்தும் ஈரத்தை உறிஞ்சி, பின் காற்றில் விட்டுவிடும். சிமெண்டுப் பூச்சு இவ்வழியை அடைக்கிறது. உள்ளே தங்கும் ஈரம் உப்பைக் கரைத்து மேலே கொண்டுவர, செங்கல் பொரிந்து மாவாகிறது. சுவருக்குள் செருகப்பட்ட உத்திரத்தின் முனையும் அதே ஈரத்தில் உளுத்துப்போகிறது. வெளிப்பார்வைக்குச் சுவர் புதிதாகவே தெரியும் என்பதால் கேடு தாமதமாகவே தெரியவருகிறது.

மாடி ஒழுகும்போது பழைய தளத்தை அகற்றாமல் மேலும் ஒரு தளம் போடுவதும் தவறாகும். 10 செ.மீ. தடிப்புள்ள காரை, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 180 கிலோ எடையைக் கூட்டும். இருநூறு ஆண்டுப் பழமையான உத்திரம் இதைத் தாங்கும் எனக் கருத இயலாது.

முறையான புதுப்பிப்பில் முதலில் சிமெண்டுப் பூச்சும் கூடுதல் தளங்களும் அகற்றப்படுகின்றன. உத்திரத்தின் உளுத்த முனையை மட்டும் வெட்டி, புதிய தேக்கைப் பிணைத்து இணைக்கலாம். முழு உத்திரத்தையும் மாற்ற வேண்டிய தேவை எப்போதும் இராது. பின்னர் சுண்ணாம்பைக் கொண்டே பூச்சு வேலை நடைபெறும். சுண்ணாம்பை நீற்றிப் புளிக்கவைக்கவே பல வாரங்கள் ஆகும். ஒப்பந்தக்காரருக்கு இது கசப்பான செய்தி. இவ்வேலை தெரிந்த கொத்தனார்கள் அருகிவிட்டதும் செலவைக் கூட்டுகிறது. செட்டிநாட்டில் இக்கலை ஓரளவு எஞ்சியுள்ளது.

எஞ்சியவையும் மறைந்தவையும்

பயன்பாடு தொடர்ந்த வீடுகளே பெரும்பாலும் பிழைத்துள்ளன. நுங்கம்பாக்கத்தின் டவ்டன் இல்லம் 1916 முதல் மகளிர் கிறித்தவக் கல்லூரியின் பகுதியாக உள்ளது. அடையாற்றங்கரையில் ஜார்ஜ் மௌப்ரே கட்டிய குவிமாட வீடு இன்று மெட்ராஸ் கிளப்பின் இருப்பிடம். இன்றைய டி.டி.கே. சாலை முன்னர் அவர் பெயராலேயே வழங்கியது. அடையாறு அடில்ஸ்டன் தோட்டத்தை 1882 இல் பிரம்மஞான சபை வாங்கியது.

அரசினர் இல்லத்தின் கதை வேறு. 1753 இல் அந்தோனியா டி மெடீரோசு என்ற கைம்பெண்ணிடமிருந்து கம்பெனி வாங்கிய தோட்ட வீடு இது. ஆளுநர் எட்வர்ட் கிளைவ் காலத்தில், வானியலாளரான ஜான் கோல்டிங்காம் இதை விரிவாக்கியதுடன், அருகில் கிரேக்கக் கோயிலை ஒத்த விருந்து மண்டபத்தையும் 1802 இல் கட்டி முடித்தார். புதிய சட்டமன்ற வளாகத்துக்காக 2008 ஆம் ஆண்டளவில் அரசினர் இல்லம் இடிக்கப்பட்டது. 2010 இல் திறக்கப்பட்ட அவ்வளாகம் 2014 முதல் அரசு பல்நோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையாக இயங்குகிறது. விருந்து மண்டபம் இடிபடவில்லை. ராஜாஜி மண்டபம் என்ற பெயரில் அதே வளாகத்தில் நிற்கிறது.