ஒரு பெயருக்குள் மறைந்திருந்த நுளம்புகள்

எங்கட நாட்டு மலேரியா வரலாற்றைப் பேசுபவர்கள் பெரும்பாலும் 1934-35 கொள்ளைநோயிலிருந்தே தொடங்குவார்கள். தென்மேல் பருவமழை பொய்த்தது. தெதுரு ஓயா, மகா ஓயா முதலிய ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. அவற்றில் நுளம்புக் குடம்பிகள் பெருகின. ஏறத்தாழ 80,000 உயிர்கள் போயின. நோயைக் காவியது அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்ற நுளம்பு என்பது அப்போதே தெரியும். ஆனால் அந்தப் பெயருக்குள் எத்தனை இனங்கள் ஒளிந்திருந்தன என்பது தெரியவர அறுபது ஆண்டுகளுக்கு மேல் சென்றது.

'பலபொருள் ஒருசொல்' என்று வகுப்பில் படிப்பிக்கிறேனே, இங்கேயும் அதே கதைதான். ஆய்வாளர்கள் நிறமூர்த்தங்களைப் பார்த்தபோது, கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்த இந்த நுளம்பு பல இனங்களாகப் பிரிந்தது. ஏ, பி, சி, டி என்று பெயரிட்டார்கள். 'பி' பெரும்பாலும் மாட்டு இரத்தத்தையே நாடுவது. மலேரியாவைக் காவுவதில் வல்லதல்ல. இலங்கையிலோ 'பி' மட்டுமே உண்டு என நம்பப்பட்டது. அப்படியென்றால் இங்கே இவ்வளவு பேருக்கு நோயைக் கொடுத்தது எது?

1999இல் இராமேஸ்வரத்திலிருந்து 'ஈ' என்ற ஐந்தாவது இனம் அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அது இலங்கையிலும் உண்டு என்பது வெளியானது. இங்கு முக்கிய நோய்க்காவி அதுதான் என்று இன்று கருதுகிறார்கள்.

நிறமூர்த்தம் பார்ப்பது லேசான வேலையல்ல. அதற்குரிய பருவத்திலுள்ள நுளம்பே வேண்டும். டிஎன்ஏ முறைக்கு ஒரு குடம்பி, ஏன், ஒரு காலே போதும். 2003இல் கனடாவின் பால் ஹெபர்ட் குழுவினர், ஒரே மரபணுவின் ஏறத்தாழ 650 எழுத்துகளைக் கொண்டு விலங்கினங்களை அடையாளம் காணலாம் என்றனர். ஆற்றுக் கற்களுக்கடியில் வாழும் பூச்சிக் குடம்பிகளையும் இன்று இப்படித்தான் பிரித்தறிகிறார்கள்.

இதன் பயன் நமது வாசலுக்கே வந்தது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அதே ஆண்டு டிசெம்பரில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி பிடிபட்டது. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் நுளம்பு அது. தோற்றத்தோடு டிஎன்ஏயும் பார்த்தே உறுதிப்படுத்தினார்கள். அது முட்டையிட்டது ஆற்றுக் குட்டையில் அல்ல, வீட்டுக் கிணற்றில்!

பழைய நுளம்புக்கு ஆற்றோரம் மருந்தடித்தோம். புதியதற்குக் கிணற்றையும் தண்ணீர்த் தாங்கியையும் பார்க்கவேண்டும். "நுளம்புதானே" என்று பொதுப்பெயரில் கடந்துபோனால், தேடவேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ தேடிக்கொண்டிருப்போம்.