பாரம் ஏத்துனது யாரு?

பேருக்குள்ளயே கிட்டத்தட்ட ஒரு வண்டியை வச்சிருக்கிற ஊரு எங்க விக்கிரவாண்டி. (வண்டிக்கு ஒரு கால் கூடப் போட்டதால வாண்டி ஆயிடுச்சுன்னு பள்ளிக்கூடத்துல கிண்டல் பண்ணுவோம்.) சென்னை - திருச்சி சாலையில டோல்கேட் இருக்கிற ஊரு. கும்பகோணம், தஞ்சாவூர் போற ரோடு பிரியுறதும் இங்கதான். அதனால வண்டி வேடிக்கை பார்க்கிறதுன்னா எங்களுக்குப் பஞ்சமே இல்லை.

இந்த வருஷம் பொங்கலுக்கு அமெரிக்காவுல இருந்து கல்லூரி நண்பன் வந்திருந்தான். ரோட்டோர டீக்கடையில நின்னுட்டு இருந்தோம். கரும்பு ஏத்துன டிராக்டர் ஒண்ணு வந்து நின்னுது. பின்னால ரெண்டு டிரெய்லர். கரும்பு ரெண்டு பக்கமும் பிதுங்கிட்டு நிக்குது. டிராக்டரோட முன் சக்கரம் தரையில படலாமா வேணாமான்னு யோசிக்குது. அது தூக்கிடக் கூடாதுன்னு முன்னால ரெண்டு பசங்க உக்கார்ந்திருக்காங்க, எடைக்கல் மாதிரி!

நண்பன் மிரண்டுட்டான். "நான் அங்க வீடு மாதிரி ஒரு டிரெய்லரை பிக்கப் வண்டிக்குப் பின்னால கட்டி இழுத்துட்டு ஊர் சுத்தப் போவேன்டா. தண்ணி டேங்கை ரொப்பும்போதுகூட எடை கூடிடுமோன்னு கணக்குப் போடுவேன். மாட்டினா அபராதம், இடிச்சா கோர்ட்டு. இவரை யாருமே கேக்க மாட்டாங்களா?"

டிரைவருக்கு ஐம்பது வயசு இருக்கும். டீ குடிச்சிட்டே சிரிச்சார். "கேக்காம என்ன தம்பி? மூணு வருஷம் முன்ன புடிச்சு எடை போட்டாங்க. அபராதம் முதலாளிதான் கட்டினாரு. அப்புறம் மாசா மாசம் என் கூலியில புடிச்சிக்கினாரு."

"நீங்க கம்மியா ஏத்தச் சொல்லக் கூடாதாண்ணே?"

"ஏத்துறது நானா?"

அந்தக் கேள்விதான் இந்தப் பதிவு. வீட்டுக்கு வந்து சட்டம், தீர்ப்புன்னு தேடிப் படிச்சதுல ஒரு சின்ன வரலாறே கிடைச்சுது.

மாடு இழுத்த காலம்

டோல்கேட்டை நாம புதுசுன்னு நினைக்கிறோம். சென்னை மாகாணத்துல அந்தக் காலத்துலயே உள்ளாட்சி அமைப்புகள் ரோட்டுல சுங்கம் வசூலிச்சிருக்காங்க. 1931-ல வந்த சென்னை மோட்டார் வாகன வரிச் சட்டம் அதை எடுத்துட்டு, அதுக்குப் பதிலா மோட்டார் வண்டிக்கு வரி போட்டுச்சு. நாலு வழிச்சாலை வந்தப்ப சுங்கம் திரும்பி வந்துடுச்சு, அது வேற கதை.

மாட்டு வண்டிக்கும் பாரக் கணக்கு உண்டு. 1960-ம் வருஷத்து விலங்குவதைத் தடுப்புச் சட்டம், மாட்டை அடிக்கிறதோட சேர்த்து அதிக பாரம் ஏத்துறதையும் கொடுமைன்னு எழுதி வச்சிருக்கு. 1965-ல வந்த விதிகள் மாட்டோட அளவையும் சக்கரத்தையும் பார்த்துப் பாரத்துக்கு வரம்பு போட்டுச்சு. சாதா சக்கரத்துக்குக் கம்மி, காத்தடிச்ச டயருக்கு அதிகம். இங்க பாதுகாக்கப்பட்டது ரோடு இல்லை, மாடு. இழுக்கிற ஜீவன் தாங்குமான்னு கேட்ட சட்டம் அது. இதை ஞாபகம் வச்சுக்குங்க, கடைசியில தேவைப்படும்.

இலினாய் மாநிலத்துல ஒரு சோதனை

மோட்டார் வண்டி வந்ததும் கவலை ரோட்டுப் பக்கம் திரும்பிடுச்சு. 1914-லயே இந்தியாவுக்கு ஒரு மோட்டார் வாகனச் சட்டம் இருந்துச்சு. 1939-ல வந்த சட்டம் எடை வரம்பு, எடை போட்டுப் பார்க்கிற அதிகாரம் ரெண்டையும் விவரமா எழுதுச்சு.

ஆனா அதிக பாரம் ரோட்டை எவ்வளவு கெடுக்கும்? அமெரிக்காவுல இலினாய் மாநிலம் ஒட்டாவாங்கிற ஊர்ல 1958-ல இருந்து 1960 வரைக்கும் இதுக்குன்னே ரோடு போட்டு, ராணுவ வீரர்களை வச்சு ராப்பகலா லாரி ஓட்டிப் பார்த்தாங்க. கிடைச்ச முடிவு சாலைப் பொறியாளர்களுக்கு இன்னிக்கும் பாலபாடம். அச்சு மேல பாரம் ரெண்டு மடங்கானா சேதம் ரெண்டு மடங்கு இல்லை, ஏறக்குறைய 16 மடங்கு. ஒன்றரை மடங்கு ஏத்துனாலே 5 மடங்கு. அதாவது லாபம் நேர்க்கோட்டுல ஏறும், பள்ளம் நாலாம் அடுக்குல விழும். லாபம் ஒருத்தருக்கு, பள்ளம் ஊருக்கு.

பணம் கட்டினா போகலாமா?

இப்ப நடைமுறையில இருக்கிறது 1988-ம் வருஷத்துச் சட்டம். 113-வது பிரிவு எடை வரம்பைப் பத்திச் சொல்லுது. 114-வது பிரிவுப்படி சந்தேகம் வந்தா, போற வழியில 10 கிலோமீட்டருக்குள்ள இருக்கிற எடைமேடைக்கு வண்டியை ஓட்டிட்டு வரச் சொல்லலாம். 194-வது பிரிவு தண்டனை. 1994 திருத்தத்துல இது குறைஞ்சது 2,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 1,000 ரூபாய்ன்னு ஆச்சு.

இங்கதான் வேடிக்கை. சில மாநிலங்கள்ல அபராதத்தைக் கட்டுனதும் அதே பாரத்தோட வண்டியைப் போக விட்டாங்க. முன்கூட்டியே பணத்தை வாங்கிட்டு அட்டை, டோக்கன் கொடுக்கிற பழக்கமும் வந்துச்சு. குற்றத்துக்கு சீசன் டிக்கெட்! 2005 நவம்பர்ல பரம்ஜித் பாசின் வழக்குல உச்ச நீதிமன்றம் இதுக்கு ஒரு குட்டு வச்சுது. அபராதம் கட்டுறது நடந்த தப்புக்கு மட்டும்தான், அதே தப்பைத் தொடர அனுமதிச் சீட்டு இல்லை, கூடுதல் பாரத்தை இறக்கிட்டுத்தான் வண்டி நகரணும்னு தெளிவா சொல்லிடுச்சு.

2018-ல மத்திய அரசு எதிர்ப்பக்கமா ஒரு அடி வச்சுது. ரெண்டு அச்சு லாரியோட மொத்த எடை வரம்பை 16.2 டன்ல இருந்து 18.5 டன்னா உயர்த்துனாங்க. 2019 செப்டம்பர் 1-ல இருந்து அபராதம் பத்து மடங்காச்சு: 20,000 ரூபாய், அதுக்கு மேல டன்னுக்கு 2,000. பக்கவாட்டுல பிதுங்கிட்டுப் போனாலும் 20,000. (நான் பார்த்த கரும்பை நினைச்சுப் பாருங்க.) நிறுத்தாம போனாலோ, எடை போடுறதுக்கு முன்ன பாரத்தை இறக்கினாலோ டிரைவருக்கு 40,000.

அபராதம் சின்ன விஷயம்

உண்மையான ஆபத்து விபத்துக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குது. அஜாக்கிரதையா ஓட்டி உயிர் போச்சுன்னா, 2024 ஜூலையில இருந்து புதுக் குற்றச் சட்டத்தோட 106-வது பிரிவுப்படி டிரைவருக்கு 5 வருஷம் வரைக்கும் சிறை. அதோட நஷ்டஈடு வழக்கு. இன்சூரன்ஸ் கம்பெனி லைசென்ஸ் சரியா, பெர்மிட் சரியான்னு ஒவ்வொண்ணா தோண்டும்.

டிராக்டர்காரங்க இதுல நிறைய அலைஞ்சிருக்காங்க. டிராக்டர் லைசென்ஸ் வச்சிருக்கிறவர் சரக்கு டிரெய்லரை இழுத்தா லைசென்ஸ் செல்லுமான்னு ஒரு கேள்வி. நாகஷெட்டி வழக்குல 2001-ல உச்ச நீதிமன்றம் செல்லும்னு சொல்லுச்சு. டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்து சரக்கு வண்டியான்னு இன்னொரு கேள்வி. ஆமாம், பெர்மிட் வேணும்னு 2005-ல நட்வர் பரிக் வழக்குல தீர்ப்பாச்சு. இலகுரக வாகன லைசென்ஸை வச்சு 7,500 கிலோ வரைக்கும் உள்ள சரக்கு வண்டியை ஓட்டலாமாங்கிறதுக்கு, ஓட்டலாம்னு 2024 நவம்பர்ல அரசியல் சாசன அமர்வு முடிவு சொல்லுச்சு. கேரவன் வாங்கி ஊர் சுத்தக் கனவு காண்றவங்களும் இந்த 7,500-ஐக் குறிச்சு வச்சுக்குங்க. கட்டில், ஃபிரிட்ஜ், தண்ணி டேங்க் எல்லாமே எடைதான்.

எடைச்சீட்டு

இனி டிரைவரோட கேள்விக்கு வர்றேன். 194-வது பிரிவு "ஓட்டுபவர்" என்று மட்டும் சொல்லலை. ஓட்டச் செய்பவர், ஓட்ட அனுமதிப்பவர்னு அவங்களையும் சேர்த்தே சொல்லுது. 113-வது பிரிவுல இன்னொரு வரி இருக்கு. ஓட்டுறவர் உரிமையாளர் இல்லைன்னா, உரிமையாளருக்குத் தெரிஞ்சுதான், இல்லை அவர் உத்தரவுலதான் இது நடந்துச்சுன்னு கோர்ட் அனுமானிக்கலாம். ஆக, ஏத்துனது யாருன்னு சட்டம் எப்பவோ யோசிச்சிருக்கு. ரோட்டுல நடக்கிறது வேற. அங்க கைக்குக் கிடைக்கிறது ஸ்டீயரிங் பிடிச்சவர் மட்டும்தானே.

எங்க பக்கம் கரும்புச் சீமை. முண்டியம்பாக்கத்துல சர்க்கரை ஆலை இருக்கு. கரும்புக்கு எந்த ஊர் ஆலையா இருந்தாலும் கணக்கு ஒண்ணுதான். வெட்டு உத்தரவு வந்ததும் வெட்டணும். வெட்டுன கரும்பு வெயில்ல காஞ்சா எடையும் போகும், சாறும் போகும். ஆளு கிடைக்காது, வண்டி கிடைக்காது. வாடகை டன் கணக்கு. ஒரு நடையில ரெண்டு நடை பாரத்தை ஏத்தினா டீசல் மிச்சம். விவசாயிக்கும் அவசரம், வண்டிக்காரருக்கும் அவசரம். இவங்க யாரையும் வில்லன்னு சொல்ல எனக்கு மனசு வரலை.

ஆனா ஒண்ணு உறுத்துது. ஆலை வாசல்ல ஒவ்வொரு வண்டியும் எடைமேடை ஏறுது. பாரத்தோட ஒரு தடவை, காலியா ஒரு தடவை. சீட்டுல எடை சுத்தமா எழுதியிருக்கு. விவசாயிக்குப் பணம் அதை வச்சுத்தான். வண்டி வாடகையும் அதை வச்சுத்தான். டிரெய்லரோட ஆர்.சி. புத்தகத்துல அது எவ்வளவு தாங்கும்னும் எழுதியிருக்கு. ரெண்டு காகிதத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சா போதும், ரோட்டுல யாரையும் துரத்த வேணாம். வரம்புக்கு மேல வந்த பாரத்துக்கு வாடகை கிடையாதுன்னு ஒரு விதி போட்டுட்டா, யாரு ஏத்துவாங்க?

அறுபது வருஷம் முன்ன மாட்டோட அளவைப் பார்த்துப் பாரம் குறிச்சவங்க நாம. டிரைவரோட நிலைமையைப் பார்த்தும் குறிக்கலாம் இல்லையா?

அன்னிக்கு டீ குடிச்சு முடிச்சதும் அவர் கிளம்பினார். பசங்க ரெண்டு பேரும் முன்னால ஏறி உக்கார்ந்தாங்க. நண்பன் டீ காசு கொடுக்கப் போனான். "வேணாம் தம்பி, நீங்க விருந்தாளி"ன்னு அவரே கொடுத்துட்டுப் போயிட்டார்.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லைங்க. வண்டி மாட்டிக்கிச்சுன்னா இந்தப் பதிவைக் காட்டி வாதாடாதீங்க :-)