சொல்லாமற் சொன்ன பொருள்

கதை எழுதுவோன் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. சிலவற்றைப் படிப்போன் தானே உணருமாறு குறிப்பாக வைத்துச் செல்கிறான். இந்நுட்பத்தை உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் பொருளதிகாரத்தில் வகுத்துரைத்தார் தொல்காப்பியர். வழிநூலின் நான்கு வகைகளுள் ஒன்றாக மொழிபெயர்ப்பை மரபியலில் வைத்தவரும் அவரே. இவ்விரண்டும் சேருமிடத்தில் ஒரு வினா எழுகின்றது. சொன்னதை மொழிபெயர்க்கலாம், சொல்லாததை எங்ஙனம் பெயர்ப்பது?

தகழி சிவசங்கரப் பிள்ளை 1956-இல் மலையாளத்தில் எழுதிய ‘செம்மீன்’ நாவலைச் சுந்தர ராமசாமி தமிழாக்கினார். அது 1962-இல் வெளிவந்தது. கதைத் தொடக்கத்தில், வாங்கவிருக்கும் தோணியில் வரும் மீனைத் தனக்கு விற்பாளா என்று பரீக்குட்டி கறுத்தம்மாவைக் கேட்கிறான். கேட்பது வணிகம், கேட்க நினைப்பது காதல். இதனை விளக்கினால் சுவை கெடும். நெய்தல் மரபறிந்த தமிழ் வாசகனுக்கு விளக்கம் வேண்டுவதுமில்லை.

ஆங்கிலத்திலிருந்து வருவதோ வேறு வகை. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல், 1969-இல் ‘ரெட் டீ’ என்னும் ஆங்கில நாவலை வெளியிட்டார். 1920-களில் மேஸ்திரியின் சொல்லை நம்பித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறிய கருப்பன், வள்ளி என்போரின் துயரக் கதை அது. இரா. முருகவேள் அதனை 2007-இல் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழுக்குக் கொணர்ந்தார்.

ஆங்கிலத்தில் துரைக்கும் ‘யூ’, கூலியாளுக்கும் ‘யூ’. தமிழில் அது நடவாது. நீயா, நீங்களா, அடா புடாவா என்பதை மொழிபெயர்ப்பாளர் ஒவ்வோர் உரையாடலிலும் முடிவு செய்தாக வேண்டும். துரை, மேஸ்திரி, கூலியாள் என்னும் படிநிலை முழுவதும் அந்த விளிச்சொல்லில் அடங்கிக் கிடக்கின்றது. ஆசிரியர் மறைத்ததை மறைவாகவே காத்தல் ஒரு கடமை. மொழி மறைத்ததை மீட்டெடுத்தல் மற்றொரு கடமை. இவ்விரண்டையும் பிரித்தறிவதே மொழிபெயர்ப்பாளரின் திறன் எனலாம்.

சூரியநெல்லிக்குப் போடிமெட்டு வழியே ஏறி வந்த குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. இத்தமிழாக்கத்தை ஒரு மழைக்கால இரவில் என் அப்பத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். ஆளெடுக்கும் மேஸ்திரி கொடுக்கும் முன்பணத்தைப் பற்றிய பகுதி வந்தது. அகராதிப்படி அது முன்னதாகத் தரப்படும் தொகை, அவ்வளவே. அப்பத்தா கையமர்த்தி, “அது பணமில்ல ராசா, கால்ல கட்டுன கயிறு” என்றார். பிறகு, ஊருக்குத் திரும்பாமலே லயத்தில் கண்மூடிய தம் தந்தையாரைப் பற்றி முதன்முறையாகப் பேசினார்.

நாவல் சொல்லாது விட்ட பொருள் அவர் நினைவில் இருந்தது. அந்நினைவுடையோர் இன்று அருகிவிட்டனர். பள்ளியில் மலையாளமும் வீட்டில் தமிழும் பேசும் நம் பிள்ளைகள் நாளைய மொழிபெயர்ப்பாளர்கள் ஆகலாம். அகராதியைப் புரட்டுமுன் அவர்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, பெரியோர் சொல்லைச் செவிமடுப்பார்களாக.