மரக்கால் (அளவை)

மரக்கால் என்பது நெல், கம்பு, சோளம், பயறு முதலிய தானியங்களை அளக்கத் தமிழகத்தில் வழங்கிய முகத்தல் அளவை ஆகும். இதற்குக் குறுணி என்றும் பெயர் உண்டு.

வாய்பாடு

8 நாழி = 1 மரக்கால் (குறுணி)
2 மரக்கால் = 1 பதக்கு
2 பதக்கு = 1 தூணி
3 தூணி = 1 கலம்

எனவே 12 மரக்கால் ஒரு கலம். தென்மாவட்டங்களில் 21 மரக்கால் ஒரு கோட்டை. பாளையமாக இருந்த நிலக்கோட்டையின் பெயரிலுள்ள ‘கோட்டை’ அரணைக் குறிப்பது. இந்த அளவையை அன்று.

சொற்பொருள்

மரத்தைக் குடைந்து செய்த கலம் ஆதலால் ‘மரம்’ பெயரில் வந்தது. பின்னாளில் இரும்பிலும் பித்தளையிலும் செய்தபோதும் பெயர் மாறவில்லை. ‘கால்’ என்பதற்கு நாலில் ஒரு பங்கு என்றும் பொருள் உண்டு. நான்கு மரக்கால் ஒரு தூணி ஆவதால் அப்பொருள் கணக்கோடு ஒத்துவருகிறது. எனினும் இந்த ஒப்புமை மட்டுமே சான்றாகாது. பொய்க்காலுக்கும் மரக்கால் என்ற பெயர் உண்டு. கொற்றவை ஆடிய மரக்காலாடல் அப்பொருளில் வந்தது.

மரக்காலின் பழைய பெயர்களுள் ஒன்று அம்பணம். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை, மதுரைக் கூலக் கடைத்தெருவில் அம்பணம் கொண்டு அளப்போரைக் காட்டுகிறது. நிலக்கோட்டை வட்டமும் 1985இல் திண்டுக்கல் மாவட்டம் அமையும் வரை மதுரை மாவட்டத்தைச் சேர்ந்ததே.

எந்த மரக்கால்?

பெயர் ஒன்றாயினும் கொள்ளளவு ஊருக்கு ஊர் வேறுபட்டது. குவித்து அளப்பதா, தலைதட்டி அளப்பதா என்பதிலும் அளவு கூடிக் குறைந்தது. ஆகவே கல்வெட்டுகள் நெல்லின் அளவோடு மரக்காலின் பெயரையும் குறித்தன. முதலாம் இராசராசன் காலத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் இராசகேசரிக்கு ஒத்த ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலைக் குறிப்பிடுகின்றன. ஆடவல்லான் என்பது கூத்தப்பெருமானின் பெயர்.

ஆங்கிலேயர் ஆட்சியில் 1846இல் சென்னை மாகாணத்துக்கு மரக்கால் 800 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 13.1 லிட்டர் என வரையறுக்கப்பட்டது. அவ்வாறு 400 மரக்கால் ஒரு கரிசை.

சட்டம் வந்த பின்னும் களத்தில் வழக்கம் மாறவில்லை. குத்தகை வாங்கப் பெரிய மரக்கால், கூலி அளக்கச் சிறிய மரக்கால் என இரண்டு வைத்திருந்த பண்ணைகள் இருந்தன. கூலியை நெல்லாகப் பெற்றவருக்கு மரக்கால் சிறுத்தால் அடுப்பில் உலை சிறுத்தது. 1940களில் கீழத்தஞ்சை விவசாயத் தொழிலாளர் இயக்கம் முன்வைத்த கோரிக்கைகளுள் ஒன்று, அரசு முத்திரையிட்ட மரக்காலிலேயே கூலி அளக்க வேண்டும் என்பது.

இன்றைய நிலை

1956ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டத்தை அடுத்து மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. தானியம் கிலோவுக்கும் குவிண்டாலுக்கும் மாறியது. நிலக்கோட்டைப் பூச்சந்தையிலும் மல்லிகை கிலோக் கணக்கில்தான் விலைபோகிறது. திருமண வீடுகளில் நெல் நிறைத்து வைக்கும் நிறைமரக்காலாக இச்சொல் இன்றும் வழங்குகிறது. களத்தில் நெல் அளப்பவர் ‘ஒன்று’ என்னாமல் ‘லாபம்’ என்று எண்ணத் தொடங்குவது மரக்கால் காலத்து வழக்கமே.