வார்ப்பதா, அடிப்பதா: தென்னகத்து வெண்கலத் தொழிலின் பழைய கேள்வி

உலோகத்திற்கு உருவம் கொடுக்க மனிதன் தொடக்கத்தில் கண்டறிந்த வழிகள் இரண்டு. உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றி உறையவிடுவது வார்ப்பு. உருகவிடாமல் திடநிலையிலேயே சுத்தியலால் தட்டி வேண்டிய வடிவுக்குக் கொண்டுவருவது அடிப்பு. இவற்றுள் எதைக் கைக்கொள்வது என்பதை உலோகத்தின் இயல்பு, பொருளின் பயன், செய்ய வேண்டிய எண்ணிக்கை ஆகிய மூன்றும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. இந்த அறிவைத் தென்னகத்துக் கம்மியர்கள் ஏட்டில் எழுதிவைத்ததைவிடக் கைப்பழக்கத்தில் பொதிந்துவைத்ததே மிகுதி என்பதால், அவர்கள் செய்துவிட்டுப் போன பொருள்களைக் கொண்டுதான் அதைப் படித்தறிய வேண்டியிருக்கிறது.

தாமிரபரணிக் கரையில் உள்ள ஆதிச்சநல்லூரின் தாழிக்காட்டில் 1876இல் ஆய்வாளர் யாகோரும், 1899க்குப் பிறகு தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீயும் அகழ்ந்தெடுத்த வெண்கலப் பொருள்களும், பிரீக்ஸ் 1873இல் வெளியான தம் நூலில் விவரித்த நீலகிரிக் கல்லறைகளின் கிண்ணங்களும் இவ்வகைச் சான்றுகளுள் தலையாயவை. இவற்றுள் சில கிண்ணங்களின் சுவர் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கனமுடையது. உருகிய உலோகம் அவ்வளவு ஒடுங்கிய இடைவெளிக்குள் ஓடி நிரம்புவதற்கு முன்பே உறைந்துவிடும் என்பதால், அத்தகைய மெல்லிய சுவரை வார்ப்பில் பெறுவது மிகக் கடினம். ஆய்வாளர் சாரதா ஸ்ரீநிவாசன் முதலியோர் இவ்வகைக் கலங்களின் உள்ளமைப்பை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அவை சூட்டில் அடித்து நீரில் தோய்க்கப்பட்டவை என்று நிறுவியுள்ளனர்.

அங்கே ஒரு முரண் எழுகிறது. வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும் கலந்த கலவை. வெள்ளீயம் நூற்றுக்குப் பதினைந்து பங்கு வரை இருந்தால் அது செம்போடு ஏறக்குறைய ஒரே கட்டமைப்பாகக் கரைந்து நிற்கும். அதற்கு மேல் ஏற ஏற, மெதுவாக ஆறும் கலவையில் கடினமும் நொறுங்கும் தன்மையும் கொண்ட மற்றொரு கட்டமைப்பு தோன்றிவிடும். மேற்சொன்ன கிண்ணங்களின் வகையைச் சேர்ந்த வெண்கலத்திலோ வெள்ளீயம் ஏறத்தாழ 23 பங்கு இருக்கிறது. ஆறிய நிலையில் சுத்தியல் பட்டால் உடைந்து சிதறக்கூடிய இந்த உலோகத்தைத்தான் பழங்காலக் கம்மியர் தாள்போல் மெலிய அடித்திருக்கிறார்.

இதற்கு வழி வெப்பத்தில் இருக்கிறது. சுமார் 586 முதல் 798 பாகை செல்சியஸ் வரையிலான இடைவெளியில் இந்தக் கலவை நெகிழ்ந்து கொடுக்கும் கட்டமைப்புக்கு மாறுகிறது. வட்டமாக வார்த்த சிறு வில்லையை உலையிலிட்டுச் செந்தணல் நிறம் ஏறியதும் குறட்டால் எடுத்து, பட்டடைக்கல்லில் வைத்துச் சில அடிகள் அடித்து, நிறம் மங்கியவுடன் மீண்டும் உலைக்கே கொண்டுபோக வேண்டும். ஓர் அடி தாமதித்து விழுந்தாலும் கலம் வெடித்துவிடும் என்பதால், உலோகத்தின் நிறமே அங்கு வெப்பமானியாக நின்றது. வடிவு கூடிய பின் கலத்தைச் சூட்டோடு நீரில் அமிழ்த்தினால், நெகிழ்ந்த கட்டமைப்பு நொறுங்கும் கட்டமைப்பாகப் பிரிய நேரமின்றி நின்றுவிடுகிறது. எஃகை நீரில் தோய்ப்பது அதைக் கடினமாக்க, இந்த வெண்கலத்தைத் தோய்ப்பதோ அதை நொறுங்காமல் காப்பதற்கு. கேரளத்துப் பட்டறைகளில் இம்முறை அண்மைக்காலம் வரை வழக்கில் இருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர்.

வெள்ளீயத்தை இன்னும் கூட்டி ஏறத்தாழ 33 பங்கு ஆக்கினால் சுத்தியலுக்கு எந்த வெப்பத்திலும் இடமில்லை. ஆறன்முளைக் கண்ணாடி அத்தகைய கலவையால் ஆனது. கண்ணாடிபோல் நொறுங்கும் அந்த உலோகத்தை மெல்லிய தகடாக வார்த்து, பிம்பம் தெளியும் வரை தேய்ப்பதே அங்குள்ள ஒரே வழி. அடிக்கப்பட்ட கிண்ணமும் வார்க்கப்பட்ட கண்ணாடியும் ஒரே இரு உலோகங்களின் பிள்ளைகள். இடையே உள்ள பத்துப் பங்கு வேறுபாடு தொழில்முறையையே மாற்றிவிடுகிறது.

வெள்ளீயம் குறைந்த பக்கத்தில் நிற்பவை சோழர் காலச் செப்புத்திருமேனிகள். திருவீதி உலாவுக்கென எழுந்த இத்திருமேனிகளில் விரல்நுனி முதல் ஆடையின் மடிப்பு வரை எல்லாப் பக்கமும் வடிவு நிறைந்திருக்க வேண்டும். தகட்டை அடித்து அதைப் பெற இயலாது. ஆகவே தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்த பதத்தில் உருவத்தைச் சமைத்து, காவிரி வண்டல் மண்ணை அதன்மேல் அடுக்கடுக்காகப் பூசி, சூடேற்றி மெழுகை ஓடவிட்டு, அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை வார்த்தனர். கலவையில் சேர்ந்த காரீயம் உலோகத்தின் ஓட்டத்தை எளிதாக்கியது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் திருமேனிகளைக் ‘கனமாக’ச் செய்தவை என்று, அதாவது உள்ளே பொள்ளல் இல்லாதவை என்று குறிப்பிடுவது, செய்முறையும் ஆவணத்தில் இடம்பெறத் தக்கதாகக் கருதப்பட்டதைக் காட்டுகிறது. உருவை வெளிக்கொணர மண் அச்சை உடைத்தே தீர வேண்டும் என்பதால், ஓர் அச்சுக்கு ஒரு திருமேனிதான். இன்றும் சுவாமிமலையில் இதுவே முறை.

அங்கிருந்து நெடுந்தொலைவு இல்லாத நாச்சியார்கோயிலில் செய்யும் பொருளும் தேவையும் வேறு. வீடுதோறும் வேண்டப்படும் குத்துவிளக்குக்கு ஒவ்வொரு முறையும் மெழுகு உரு செய்வது கட்டாது. அதனால் பாதம், தண்டு, அகல், உச்சி எனத் தனித்தனி மாதிரிகளை வைத்துக்கொண்டு, அவற்றை மண்ணில் பதித்து எடுத்த பள்ளத்தில் பித்தளையை வார்க்கின்றனர். அச்சு குலைந்தாலும் மாதிரி நிலைக்கிறது. வார்த்த பகுதிகளைக் கடைசல் பிடித்து, மரையிட்டு ஒன்றோடொன்று பொருத்துகின்றனர்.

புதிய உலோகங்கள் வந்தபோதும் இதே கேள்வி திரும்பி வந்தது. 1898இல் சென்னைக் கலைப்பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கியபோது, பித்தளை, செம்புத் தகடுகளைத் தட்டிப் பழகிய கைகளாலேயே அந்த மென்மையான உலோகத்தையும் வசப்படுத்த முடிந்தது. பின்னால் வந்த எவர்சில்வர் அப்படிப்பட்டதன்று. அடிக்க அடிக்க விரைவாக இறுகும் அந்த எஃகுத் தகட்டைக் கைச்சுத்தியலைவிட, டை எனப்படும் கடினமான அச்சுக்குள் பிரஸ்ஸால் அழுத்தி இழுப்பதே எளிது. டை செய்வதற்கான பெருஞ்செலவு ஆயிரக்கணக்கான பாத்திரங்களின்மேல் பரவும்போதுதான் ஈடாகும் என்பதால், எண்ணிக்கை பெருகிய இடத்தில் பட்டறையின் இடத்தைத் தொழிற்சாலை பிடித்துக்கொண்டது.

இன்று ஒரு பொறியாளர் உலோக உறுப்பு ஒன்றை வரைந்ததும் எந்த உலோகம், எந்த வேலைக்கு, எத்தனை என்று கேட்டே முறையைத் தேர்கிறார். பெயர் தெரியாத அந்த ஆதிச்சநல்லூர்க் கம்மியருக்கும் கேள்விகள் இவையே. விடையை மட்டும் அவர் உலையில் ஏறும் நிறத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். தாழிகளோடு மண்ணுக்குள் கிடந்து மீண்ட அந்த மெல்லிய விளிம்பு, அவர் அன்று பார்த்த நிறம் சரியானதே என்பதற்கு இன்றும் சாட்சி.